அளவுகோல் யார் கையில்?

டெல்லி, மும்பை, பெங்களூரு, ஹைதராபாத் ஆகிய நகரங்களின் நட்சத்திர விடுதி அரங்குகளில் ஆண்டுதோறும் வெளிநாட்டுக் கல்விக் கண்காட்சிகள் நடைபெறுகின்றன. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையை அழைத்துக்கொண்டு அங்கே வரும் பெற்றோர் அனைவரும் கேட்பது ஒரே கேள்விதான். பல்லாயிரம் விண்ணப்பங்களுக்கு நடுவே தங்கள் பிள்ளையின் விண்ணப்பம் அமெரிக்கப் பல்கலைக்கழகச் சேர்க்கை அதிகாரியின் கண்ணில் தனித்துத் தெரிய என்ன செய்ய வேண்டும்?

ஆலோசனை நிறுவனங்களிடம் விடை தயாராக இருக்கிறது. மதிப்பெண் மட்டும் போதாது. பிள்ளையின் பெயரில் ஒரு தொண்டு நிறுவனம் தொடங்க வேண்டும். கோடை விடுமுறையில் வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றின் கட்டணப் பயிற்சிக்குச் செல்ல வேண்டும். வாள்வீச்சோ குதிரையேற்றமோ பழக வேண்டும். ஆய்வுக் கட்டுரை ஒன்று வெளிவர வேண்டும். இறுதியில், தன் வாழ்வை மாற்றிய தருணத்தைப் பற்றி உருக்கமான கட்டுரை எழுத வேண்டும். அதைத் திருத்தித் தரவும் ஆள் உண்டு. இதற்குப் 'புரொஃபைல்' கட்டுதல் என்று பெயர். கட்டணம் பல லட்சம் ரூபாய்.

பள்ளி விட்டதும் தம்பி தங்கையரைக் கவனித்து, பீடி சுற்றும் தாய்க்குக் கைகொடுத்து, ஊர் அடங்கிய பிறகு புத்தகத்தைத் திறக்கும் சிறுமியின் உழைப்பை இந்தப் படிவத்தின் எந்தக் கட்டத்தில் எழுதுவது? அதற்கு அங்கே கட்டமே இல்லை.

'தனித்துத் தெரிவது எப்படி' என்ற கேள்வி வேறொரு கேள்வியை மறைக்கிறது. அளவுகோலைச் செய்தவர் யார்? எப்போது, எவரை உள்ளே விட, எவரை வெளியே நிறுத்த அது செய்யப்பட்டது? வரலாறு இதற்குத் தெளிவான விடை தருகிறது. தங்களுக்கு வேண்டாதவர்கள் ஓர் அளவுகோலில் வெல்லத் தொடங்கியவுடன், ஆதிக்க வர்க்கம் அந்த அளவுகோலையே மாற்றிவிடுகிறது.

'நற்குணம்' கண்டுபிடிக்கப்பட்ட கதை

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹார்வர்ட் பல்கலைக்கழகச் சேர்க்கை பெரிதும் கல்வித் தேர்வை அடிப்படையாகக் கொண்டிருந்தது. கிழக்கு ஐரோப்பாவிலிருந்து குடிபெயர்ந்த யூதத் தொழிலாளர்கள், சிறு வணிகர்கள் ஆகியோரின் பிள்ளைகள் அத்தேர்வில் வென்று உள்ளே வந்தனர். 1922 வாக்கில் புதிய மாணவர்களில் ஐந்தில் ஒருவருக்கும் மேல் யூதர். பல்கலைக்கழகத் தலைவர் லாரன்ஸ் லோவெல் இதை ஓர் ஆபத்தாகக் கண்டார். யூத மாணவர் விகிதத்துக்கு 15 சதவீத உச்சவரம்பு வேண்டும் என்றார். வெளிப்படையான இந்த வரம்பை ஆசிரியர்கள் ஏற்கவில்லை.

ஆகவே மறைமுக வழி தேடப்பட்டது. 1926 முதல் விண்ணப்பதாரரின் 'நற்குணம்', 'ஆளுமை' ஆகியவை சேர்க்கைக்கான அளவுகோல்களாயின. விண்ணப்பத்துடன் புகைப்படம் கேட்கப்பட்டது. குடும்பப் பின்னணி விசாரிக்கப்பட்டது. ஒருவருடைய குணத்தை மதிப்பெண்போல எவராலும் சரிபார்க்க முடியாது. அதனால்தான் அது வசதியாக இருந்தது. யூத மாணவர் எண்ணிக்கை சரிந்தது. எங்கும் எந்தத் தடையும் எழுதப்படவில்லை.

இன்று 'முழுமை மதிப்பீடு' என்று போற்றப்படும் முறையின் பிறப்பு இதுதான். விண்ணப்பதாரரை ஓர் எண்ணாகப் பார்க்காமல் முழு மனிதராகப் பார்க்கிறோம் என்கிறார்கள். கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த முழு மனிதரை எவருடைய கண் பார்க்கிறது என்பதே கேள்வி.

முன்வாசல், பின்வாசல், பக்கவாசல்

ஹார்வர்டுக்கு எதிரான வழக்கில் அதன் சேர்க்கைக் கோப்புகள் நீதிமன்றத்துக்கு வந்தபோது, பல்லாண்டு இரகசியங்கள் வெளிப்பட்டன. விளையாட்டு வீரர்களாகத் தேர்ந்தெடுக்கப்பட்டோர், பழைய மாணவர்களின் பிள்ளைகள், நன்கொடையாளர்களுக்கு நெருக்கமானோர் இடம்பெறும் தனிப் பட்டியலில் இருப்போர், ஆசிரியர்கள், ஊழியர்களின் பிள்ளைகள் என நான்கு பிரிவினருக்குத் தனிச் சலுகை இருந்தது. சேர்க்கப்பட்ட வெள்ளையின மாணவர்களில் 43 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் இப்பிரிவுகளில் அடங்கினர். இச்சலுகை இல்லாதிருந்தால் அவர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் நிராகரிக்கப்பட்டிருப்பர் என்று, அத்தரவுகளை ஆராய்ந்த பொருளாதார அறிஞர்கள் 2019இல் கணக்கிட்டனர். பழைய மாணவரின் பிள்ளைகளில் மூவரில் ஒருவருக்கு இடம் கிடைத்தது. மற்றவர்களில் அந்த வாய்ப்பு நூற்றுக்கு ஆறு பேர் அளவிலேயே இருந்தது. தாத்தாவும் தந்தையும் படித்த இடத்தில் பேரனுக்கும் இடம் என்பதை நம் நாட்டில் எந்தச் சொல்லால் அழைப்போம்? பிறப்பால் வரும் உரிமை என்றுதான்.

2023இல் ராஜ் செட்டி, டேவிட் டெமிங், ஜான் ஃபிரீட்மன் ஆகியோர் அமெரிக்காவின் 12 முன்னணித் தனியார் பல்கலைக்கழகங்களைப் பற்றிய ஆய்வை வெளியிட்டனர். நுழைவுத் தேர்வில் ஒரே மதிப்பெண் பெற்றவர்களை ஒப்பிட்டபோதும், நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைகளைவிட மேல்தட்டு ஒரு சதவீதத்தினரின் பிள்ளைகள் அங்கு சேரும் வாய்ப்பு இரண்டு மடங்குக்கும் அதிகம் என்று அது காட்டியது. பழைய மாணவர் சலுகை, விளையாட்டுச் சேர்க்கை, பாடத்துக்கு வெளியேயான 'சிறப்புகள்' ஆகிய மூன்றுமே அதற்குக் காரணங்கள். சேர்க்கை அதிகாரியின் கண்ணில் தனித்துத் தெரிவது பெரும்பாலும் செல்வமே.

பணம் வெளிப்படையாகவும் பேசும். டிரம்பின் மருமகன் ஜாரெட் குஷ்னர் ஹார்வர்டில் சேர்வதற்கு முன், 1998இல், அவருடைய தந்தை அப்பல்கலைக்கழகத்துக்கு 25 லட்சம் டாலர் நன்கொடை தர உறுதியளித்ததைப் பத்திரிகையாளர் டேனியல் கோல்டன் அம்பலப்படுத்தினார். 2019 மார்ச்சில் வில்லியம் சிங்கர் என்ற இடைத்தரகரின் மோசடி வெளிவந்தது. நுழைவுத் தேர்வில் ஆள்மாறாட்டம், பயிற்சியாளர்களுக்கு லஞ்சம், ஆடாத விளையாட்டின் வீரராகக் காட்டும் ஒட்டுப் புகைப்படம் என அவருடைய சரக்கு விரிந்தது. கைமாறிய தொகை சுமார் 2.5 கோடி டாலர். படித்து நுழைவது முன்வாசல், பெருந்தொகை நன்கொடை கொடுத்து நுழைவது பின்வாசல், தாம் திறந்து வைத்தது பக்கவாசல் என்று அவரே விளக்கினார். பக்கவாசல்காரர் சிறைக்குப் போனார். பின்வாசல் இன்றும் சட்டப்படி திறந்திருக்கிறது. அதன்மேல் நன்கொடையாளரின் பெயர்ப்பலகை தொங்குகிறது.

சலுகையைத் தொடாத நீதி

இதே ஹார்வர்ட் வழக்கில் மற்றொரு உண்மையும் வெளிவந்தது. ஆசிய-அமெரிக்க விண்ணப்பதாரர்கள் கல்வி மதிப்பீட்டில் முன்னணியில் நின்றும், 'ஆளுமை' மதிப்பீட்டில் சராசரியாகத் தாழ்ந்த புள்ளியே பெற்றனர். 1926இல் யூதருக்கு எதிராக வடிக்கப்பட்ட கருவி, நூறாண்டு நெருங்கியும் மழுங்கவில்லை.

நியாயமாகப் பார்த்தால், இந்தக் கண்டுபிடிப்பு செல்வந்தர் சலுகைகளை ஒழிக்கும் போராட்டமாக வளர்ந்திருக்க வேண்டும். ஆனால் வழக்கைத் தொடுத்த அமைப்பை நடத்தியவர் வலதுசாரிச் செயற்பாட்டாளர் எட்வர்ட் புளும். அவருடைய இலக்கு கறுப்பின, லத்தீன் அமெரிக்க மாணவர்களுக்கான முன்னுரிமையாகவே இருந்தது. 2023 ஜூன் 29 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்த முன்னுரிமையை வீழ்த்தியது. பழைய மாணவரின் பிள்ளைக்கும் நன்கொடையாளரின் பிள்ளைக்கும் உள்ள சலுகை தொடப்படவில்லை. அடுத்த ஆண்டு மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் சேர்ந்த புதிய மாணவர்களில் கறுப்பினத்தவர் 5 சதவீதமே. அதற்கு முந்தைய ஆண்டுகளின் சராசரி 13 சதவீதம். அடிமைமுறையின் வாரிசுகளுக்குத் தரப்பட்ட கைத்தாங்கல் 'பாகுபாடு' ஆயிற்று. செல்வத்தின் வாரிசுகளுக்குத் தரப்படும் நாற்காலி 'பாரம்பரியம்' ஆயிற்று. 'தகுதி' என்று முழங்கி இடஒதுக்கீட்டை எதிர்த்தவர்களை இங்கே கண்டவர்களுக்கு இந்த நாடகம் புதிதல்ல.

டெல்லியில் அரங்கேறிய மறுபதிப்பு

ஹார்வர்டில் தேர்வு வேண்டாதவரை உள்ளே விட்டது. ஆகவே குணம் அளவுகோலாயிற்று. டெல்லியில் நடந்தது இதன் தலைகீழ் வடிவம்.

2021இல் டெல்லிப் பல்கலைக்கழகச் சேர்க்கை பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் அடிப்படையில் நடந்தது. சில பிரிவுகளில் கட்-ஆஃப் 100 சதவீதத்தைத் தொட்டது. கேரள மாநிலக் கல்வி வாரியத்தில் முழு மதிப்பெண் பெற்ற மாணவர்கள் பெருமளவில் அங்கு இடம்பிடித்தனர். பொதுக்கல்வியை வலுப்படுத்திய ஒரு மாநிலத்தின் பிள்ளைகள் தலைநகரின் புகழ்பெற்ற கல்லூரிகளுக்குள் வந்ததைக் கண்டு மகிழ வேண்டியவர்கள் கொதித்தனர். அப்பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவர் இதை 'மார்க் ஜிகாத்' என்றே வர்ணித்தார். அவ்வாண்டு டிசம்பரிலேயே பொது நுழைவுத் தேர்வுக்குப் பல்கலைக்கழகத்தின் கல்விக் குழு ஒப்புதல் அளித்தது. 2022இல் ஒன்றிய அரசு கியூட் தேர்வை மத்தியப் பல்கலைக்கழகங்கள் அனைத்தின் இளநிலைப் படிப்புக்கும் கொண்டுவந்தது. அந்த ஆண்டே டெல்லியில் கேரள வாரிய மாணவர் சேர்க்கை வெகுவாகச் சரிந்தது.

வானளாவிய கட்-ஆஃப் மாணவர்களை வதைத்தது உண்மை. வாரியத்துக்கு வாரியம் மதிப்பெண் வழங்கும் முறை வேறுபட்டதும் உண்மை. ஆனால் அதற்குத் தீர்வு இடங்களைப் பெருக்குவதும், வாரியங்களுக்கிடையே மதிப்பெண்ணைச் சீராக்குவதும் ஆகும். மாறாக, என்சிஇஆர்டி பாடத்திட்டத்தை ஒட்டிய ஒரே தேர்வை நாடு முழுவதற்கும் திணித்து, பன்னிரண்டு ஆண்டுப் பள்ளிக் கல்வியைத் தகுதி காண் சான்றாக மட்டும் சுருக்கினார்கள். பள்ளி வகுப்பறையின் இடத்தைப் பயிற்சி மையம் பிடித்தது. பணம் உள்ளவருக்குக் கோட்டா, இல்லாதவருக்கு அதிர்ஷ்டம். அமெரிக்காவில் பக்கவாசல் ஒட்டுப் புகைப்படமாக இருந்தது. இங்கே கசிந்த வினாத்தாளாக இருந்தது. 2024 நீட் வினாத்தாள் ஹசாரிபாகிலும் பாட்னாவிலும் கசிந்ததை உச்ச நீதிமன்றமே ஏற்றது.

அமெரிக்க மேட்டுக்குடி தேர்விலிருந்து குணத்துக்கு ஓடியது. இந்திய மேட்டுக்குடி பள்ளி மதிப்பெண்ணிலிருந்து தேர்வுக்கு ஓடியது. திசைகள் எதிரெதிர் என்றாலும், ஓடியவர்கள் சேர்ந்த இடம் ஒன்றுதான். எனவே 'தேர்வா, முழுமை மதிப்பீடா' என்று நம்மைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் விவாதத்தில் இடதுசாரிகள் சிக்கிக்கொள்ளத் தேவையில்லை. சமமற்ற சமூகத்தில் எந்த அளவுகோலும் தானாக நடுநிலை வகிக்காது.

நேர்முகத்தில் தெரியும் முகம்

சேர்க்கை அதிகாரியின் கண் இந்தியாவில் எப்படிப் பார்க்கும் என்பதை அறிய அமெரிக்காவுக்குப் போக வேண்டியதில்லை. ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகமே அமைத்த அப்துல் நஃபே குழு, ஆராய்ச்சிப் படிப்புச் சேர்க்கையில் எழுத்துத் தேர்வு மதிப்பெண்ணையும் நேர்முகத் தேர்வு மதிப்பெண்ணையும் ஒப்பிட்டது. இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு சமூகப் பிரிவுகளின் வழியே தொடர்ந்து ஒரே போக்கில் இருப்பதையும், அது பாகுபாட்டைச் சுட்டுவதையும் 2016இல் பதிவு செய்தது. நேர்முகத்துக்கான 30 மதிப்பெண்ணை 15 ஆகக் குறைக்கவும் பரிந்துரைத்தது. முகம் தெரியாத விடைத்தாளில் ஒருவிதமாக மதிப்பிடப்பட்ட தலித், பழங்குடி, பிற்படுத்தப்பட்ட மாணவர், முகமும் பேச்சும் பெயரும் தெரிந்தவுடன் வேறுவிதமாக மதிப்பிடப்பட்டார் என்பதே இதன் பொருள்.

மோடி அரசு செய்தது என்ன? 2016ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழு விதிமுறைகள் எழுத்துத் தேர்வை வெறும் தகுதித் தேர்வாக்கி, இறுதி முடிவை நேர்முகத்தின் கையில் கொடுத்தன. ஆய்வு இடங்களும் கடுமையாக வெட்டப்பட்டன. பின்தங்கிய மாவட்டங்களின் மாணவர்களுக்கும் பெண்களுக்கும் கூடுதல் புள்ளி வழங்கிவந்த முறை ஆராய்ச்சிச் சேர்க்கையில் கைவிடப்பட்டது. அந்நாட்களில் தமிழகத்திலிருந்து சென்று அங்கே பயின்ற தலித் ஆய்வு மாணவர் ஒருவர், 2017 மார்ச்சில் தம் மரணத்துக்குச் சில நாள் முன்பு, ஆய்வுச் சேர்க்கையிலும் நேர்முகத்திலும் சமத்துவம் இல்லை என்று எழுதிவைத்தார். நாடாளுமன்றம் வரை ஒலித்த அந்தக் குரல் இன்னும் பதில் பெறவில்லை.

இறக்குமதியாகும் வாசல்கள்

இப்போது இரண்டு அநீதிகளும் ஒரே மண்ணில் சந்திக்கின்றன. பொதுப் பல்கலைக்கழகங்களுக்கு ஒற்றைத் தேர்வு. பணம் படைத்தோருக்கான தனியார் பல்கலைக்கழகங்களுக்கோ கட்டுரை, நேர்முகம், 'ஆளுமை'. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்குக் கதவைத் திறந்தது. 2023ஆம் ஆண்டின் மானியக் குழு விதிமுறைகள், அவை தங்கள் சேர்க்கை முறையையும் கட்டணத்தையும் தாங்களே வகுத்துக்கொள்ள அனுமதித்தன, இடஒதுக்கீட்டைக் கட்டாயமாக்கவில்லை. 2025இல் குருகிராமில் பிரிட்டனின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழக வளாகம் திறக்கப்பட்டது. மேலும் பல வரிசையில் நிற்கின்றன.

தனியார் கல்வி நிறுவனங்களிலும் இடஒதுக்கீடு வழங்க 93ஆவது திருத்தத்தின் வழியே அரசியலமைப்பின் 15(5)ஆவது பிரிவு வழிவகுத்து இருபது ஆண்டுகள் ஆகின்றன. 2014இல் உச்ச நீதிமன்றம் அதன் செல்லுபடியை உறுதி செய்தது. தனியார் உயர்கல்வியில் அதைச் செயல்படுத்த ஒன்றியச் சட்டம் வேண்டும் என்று 2025 ஆகஸ்டில் நாடாளுமன்ற நிலைக்குழுவும் பரிந்துரைத்தது. அரசோ அசையவில்லை. இந்த மௌனமும் ஒருவகைச் சேர்க்கைக் கொள்கைதான்.

மாற்று கனவல்ல

வேறு வழி இல்லை என்பது ஆள்வோரின் பழைய பல்லவி. வேறு வழிகள் நடைமுறையிலேயே இருந்திருக்கின்றன. டெக்சாஸ் மாநிலம் 1997இல் இயற்றிய சட்டம், ஒவ்வொரு பள்ளியிலும் முதல் பத்து சதவீதத்தில் வரும் மாணவருக்கு மாநில அரசுப் பல்கலைக்கழகங்களில் இடத்தை உறுதி செய்தது. ஏழைப் பகுதிப் பள்ளியின் முதல் மாணவி, பணக்காரப் பகுதிப் பள்ளியின் மாணவனோடு போட்டியிட வேண்டியதில்லை. தன் சூழலில் அவள் எட்டிய உயரமே அவளுக்கான சான்று.

நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் அதற்கும் மேலே சென்றது. ஹார்வர்ட் ஒதுக்கிய யூதத் தொழிலாளர் பிள்ளைகளுக்கு முன்பே கல்வி தந்தது அந்நகரின் இலவசக் கல்லூரி. 1969இல் கறுப்பின, புவெர்ட்டோ ரிக்கோ மாணவர்கள் அதன் வளாகத்தைக் கைப்பற்றிப் போராடினர். அதன் விளைவாக 1970 முதல் நகரின் உயர்நிலைப் பள்ளிப் படிப்பை முடித்த ஒவ்வொருவருக்கும் பல்கலைக்கழகத்தில் இடம் உண்டு என்று அறிவிக்கப்பட்டது. அங்கே எவரும் எவர் கண்ணிலும் தனித்துத் தெரிய வேண்டியிருக்கவில்லை. 1976இல் நிதி நெருக்கடியைக் காரணம் காட்டிக் கட்டணத்தைத் திணித்தபோதுதான் அந்த வாசல் குறுகத் தொடங்கியது.

இந்தியாவிலும் நமக்கு முன்னுதாரணம் உண்டு. ஜேஎன்யுவின் பின்தங்கிய நிலைக்கான கூடுதல் புள்ளிகள் 1980களில் பறிக்கப்பட்டு, இடதுசாரி மாணவர் இயக்கத்தின் போராட்டத்தால் 1990களில் மீட்கப்பட்டவை. ஓர் அதிகாரி தன் விருப்பப்படி 'ஆளுமை'யை மதிப்பதற்கும், மாவட்டம், பாலினம், பள்ளி ஆகிய வெளிப்படையான அளவைகளால் வறுமையின் சுமையைக் கணக்கில் எடுப்பதற்கும் உள்ள வேறுபாட்டை அது காட்டுகிறது. முன்னது இருட்டறையில் நடப்பது. பின்னது எவரும் சரிபார்க்கக்கூடியது.

ஆகவே கோரிக்கைகள் தெளிவானவை. 15(5)ஆவது பிரிவின்கீழ் தனியார், வெளிநாட்டு வளாகங்கள் அனைத்துக்கும் இடஒதுக்கீட்டுச் சட்டம் வேண்டும். கியூட் திரும்பப் பெறப்பட்டு, பள்ளிக் கல்விக்கும் பின்தங்கிய நிலைப் புள்ளிகளுக்கும் உரிய இடம் தரப்பட வேண்டும். நேர்முக மதிப்பெண் வரம்புக்குள் வைக்கப்பட வேண்டும். ஒவ்வொரு நிறுவனமும் சாதி, பாலினம், வருமானம், கல்வி வாரியம் வாரியாகச் சேர்க்கை விவரங்களை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, 1966இல் கோத்தாரி ஆணையம் பரிந்துரைத்து, இன்றுவரை எட்டப்படாத ஆறு சதவீதக் கல்வி ஒதுக்கீட்டை நிறைவேற்றி, அரசுக் கல்லூரி இடங்களைப் பெருக்க வேண்டும்.

தோழர்கள் தங்கள் பகுதிகளில் பெற்றோரிடமும் மாணவரிடமும் இந்த உண்மையைக் கொண்டு செல்ல வேண்டும். பத்து இடங்களுக்கு ஆயிரம் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திவிட்டு, தனித்துத் தெரியும்படி ஒவ்வொருவரிடமும் சொல்லும் அமைப்பு, மீதித் தொள்ளாயிரத்துத் தொண்ணூறு பேரையும் தங்கள் தோல்விக்குத் தாங்களே பொறுப்பு என்று நம்ப வைக்கிறது. அந்த நம்பிக்கை உடைய வேண்டும். பீடி சுற்றும் தாயின் மகள் கல்லூரி வாசலில் எவர் கண்ணிலும் பட வேண்டி நிற்கக் கூடாது. அவளுக்குரிய இடத்தை உரிமையாகப் பெற்றுத் தருவதே இயக்கத்தின் கடமை.